சாவித்துளைக் குடல்வால் அறுவையில் துணைக்கை: மனித உதவியும் தனியாள் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

குடல்வாலைச் சிறு துளைகளின் வழியே அகற்றும் அறுவையில், மருத்துவரின் அருகில் நின்று கேமராவைப் பிடிக்கும் துணைவர் இன்றியமையாதவரா என்னும் வினா 1990கள் முதல் அறுவை மருத்துவத்தில் எழுப்பப்பட்டு வருகிறது. துணைவரின் இடத்தில் இயந்திரக் கையையோ மேசையில் பொருத்தும் பிடிப்பானையோ வைத்து, ஒரே மருத்துவர் அறுவையை முடிக்கும் முறை 'தனியாள் அறுவை' எனப்படுகிறது. துணைவர் செய்யும் பணிகள் யாவை, அவற்றுள் எவை எப்போது மனிதக் கையிலிருந்து நீங்கின, எவை இன்னும் நீங்கவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னை மந்தைவெளி போன்ற பகுதிகளின் சிறு மருத்துவமனைச் சூழலும் தமிழ் மரபில் துணைவருக்குத் தரப்பட்ட இடமும் இதில் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குடல்வால், லேப்ராஸ்கோப்பி, சாவித்துளை அறுவை, தனியாள் அறுவை, கேமராத் துணைவர், உழைச்செல்வான்.

முன்னுரை

மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. நெருக்கமான தெருக்களும் அடுக்ககங்களும் பேருந்து நிலையமும் பறக்கும் இரயில் நிறுத்தமும் அவ்விடத்தை நிறைத்துள்ளன. இத்தகைய பகுதிகளின் மருத்துவத் தேவையைப் பெரிதும் நிறைவேற்றுபவை பத்து இருபது படுக்கைகள் கொண்ட 'நர்சிங் ஹோம்'கள். அவற்றுள் பலவற்றில் அறுவை மருத்துவர் நிலையான ஊழியர் அல்லர். அழைப்பு வந்ததும் வேறொரு மருத்துவமனையிலிருந்தோ வீட்டிலிருந்தோ வருபவர். மயக்க மருத்துவரும் அவ்வாறே. செவிலியரும் பணிநேர மருத்துவரும் மட்டுமே அங்கேயே இருப்பவர்கள்.

குடல்வால் அழற்சி நாள் பார்த்து வருவதன்று. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் நிலைகொள்கிறது. குமட்டலும் காய்ச்சலும் தொடர்கின்றன. மேலைநாட்டு மதிப்பீடுகளின்படி நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒருமுறை இந்நோய்க்கு ஆளாகின்றனர். நள்ளிரவில் ஒரு சிறு மருத்துவமனையில் இவ்வறுவையைச் செய்ய நேரும்போது, மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் 'கேமராவை யார் பிடிப்பது?' என்பதாகவே இருக்கும். அறுவை மருத்துவம் பயிலாத பணிநேர மருத்துவரோ, அறுவை அரங்கத் தொழில்நுட்பரோ, செவிலியரோ அப்பணியை ஏற்பது வழக்கம். கேட்பதற்கு எளிய இக்கேள்வி நோயாளியின் பாதுகாப்பு, இளம் மருத்துவரின் பயிற்சி, மருத்துவமனையின் செலவு ஆகிய மூன்றையும் தொடுவது.

உழைச்செல்வான்: ஒரு பழைய பகுப்பு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக்குறள் மருத்துவத்தை நான்கு பாகமாகப் பகுக்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு 'உழைச்செல்வான்' நான்காவதாக வைக்கப்படுகிறார். உழை என்பது பக்கம். பக்கத்தே நின்று இயற்றுபவர் அவர். பரிமேலழகர் இந்நான்கிற்கும் தனித்தனியே நந்நான்கு கூறுகளைக் காட்டுகிறார். உழைச்செல்வானுக்குரியனவாக அவர் கொள்பவை பரிவு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு என்பன. சரக சங்கிதையும் மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயாளி என நான்கு பாதங்களைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் நான்கு குணங்களை வகுக்கிறது. இரு மரபுகளும் துணைவரை மருத்துவரின் நிழலாகக் கருதாமல் தனிப்பாகமாக எண்ணியமை கருதத்தக்கது.

தமிழில் நவீன அறுவை மருத்துவத்தை எழுத்தில் கொண்டுவந்த முன்னோடி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 19ஆம் நூற்றாண்டில் அவரது முயற்சியால் வெளிவந்த 'இரண வைத்தியம்', 'அங்காதிபாதம்' முதலிய நூல்கள் தமிழ்வழி மருத்துவக் கல்விக்கு அடித்தளமிட்டன. அவர் காலத்தில் குடல்வால் அழற்சி தனிநோயாக அறியப்பெறவில்லை. அமெரிக்கரான ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886இல்தான் அதனைத் தெளிவுற விளக்கினார். எனவே அவ்வுறுப்பின் அறுவைக்குரிய சொற்கள் பிற்காலத்தன. இலத்தீனப் பெயர் அதனைப் புழுவுருவினதாகக் காண, தமிழ்நாட்டு வழக்கு அதனை வாலாகக் கண்டு 'குடல்வால்' என்றது. இலங்கைத் தமிழில் 'குடல்வளரி' என்பது வழக்கு. அறுவையையும் அங்கே 'சத்திரசிகிச்சை' என்றே வழங்குவர். லேப்ராஸ்கோப்பி என்னும் சொல்லின் முற்பகுதி, விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட மென்பகுதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'சாவித்துளை அறுவை' என்பது இதழியல் வழியே வந்த மொழியாக்கம். துளையைச் சுட்டும் அச்சொல் துளைக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

திறந்த அறுவையில் துணைவர்

சாவித்துளை முறையில் துணைவரின் பணி எவ்வாறு மாறியது என்பதை அறியப் பழைய திறந்த முறையை நோக்க வேண்டும். இலண்டனில் குளோடியஸ் அமியாண்ட் 1735இல் பதினொரு வயதுச் சிறுவனின் குடலிறக்கத்துக்குள் இருந்த குடல்வாலை அகற்றினார். அதனுள் ஓர் ஊசி இருந்தது. வலது அடிவயிற்றில் அழற்சியின் வலிப்புள்ளியை 1889இல் சுட்டிய சார்லஸ் மெக்பர்னி, 1894இல் தசைகளை வெட்டாமல் அவற்றின் இழைகளைப் பிரித்து உட்செல்லும் கீறலையும் வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் உலகெங்கும் இக்கீறலே ஆட்சி செய்தது.

இம்முறையில் துணைவரின் முதன்மைப் பணி இழுத்துப் பிடித்தல். காயத்தின் இரு விளிம்புகளையும் உலோகக் கொக்கிகளால் விலக்கிப் பிடித்தால்தான் மருத்துவருக்கு உள்ளே ஒளியும் இடமும் கிடைக்கும். பெருங்குடலின் பின்புறம் ஒளிந்திருக்கும் குடல்வாலாயின் இழுப்பும் கூடும், துணைவரின் தோள்வலியும் கூடும். அவர் உள்ளே பார்ப்பது அரிது. பல வேளைகளில் மருத்துவரின் தலையே அவருக்குத் தெரியும். இருப்பினும் அவரது மற்றொரு கை இரத்தத்தை ஒற்றவும், நூலை அறுக்கவும், நழுவிய தமனியைப் பற்றவும் காத்திருக்கும்.

துணைவர் இல்லாத அறுவை என்றதும் மருத்துவ வரலாறு நினைவுகூர்வது லியோனிட் ரோகசோவை. சோவியத் மருத்துவரான அவர் 1961 ஏப்ரல் இறுதியில் அண்டார்ட்டிகாவின் நோவோலாசரேவ்ஸ்கயா நிலையத்தில் குடல்வால் அழற்சிக்கு ஆளானார். அங்கிருந்த ஒரே மருத்துவர் அவரே. நோவோகெய்ன் ஊசியால் வயிற்றுச் சுவரை மட்டும் மரக்கச் செய்துகொண்டு தம் குடல்வாலைத் தாமே அகற்றினார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆயின் அது தனியாள் அறுவை அன்று. வானிலையாளர் ஒருவர் கொக்கிகளைப் பிடித்தார். ஊர்தி ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியையும் விளக்கையும் பிடித்தார். இவர்களில் எவரேனும் மயங்கி விழுந்தால் இடம் நிரப்ப நிலையத் தலைவர் அருகில் நின்றார். கண்ணாடியில் இடம் வலமாகித் தோன்றியதால், உரோகசோவ் அதனை விட்டுத் தொட்டுணர்ந்தே பெரும்பகுதியைச் செய்ய நேர்ந்தது. மருத்துவம் அறியாத மூவர் அன்று செய்தது இரண்டே பணிகள்: பிடித்தல், காட்டுதல். சாவித்துளை அறுவையின் துணைவரும் இவ்விரு பணிகளையே பங்கிட்டுக்கொள்கிறார். இட வல மாற்றம் என்னும் இடரும் அங்கே வேறு வடிவில் திரும்புகிறது.

வளியும் சாய்வும் செய்யும் வேலை

சாவித்துளை முறையில் நோயாளி முழு மயக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார். தொப்புளருகே பத்து மில்லிமீட்டர் துளை ஒன்றும், அடிவயிற்றில் ஐந்து மில்லிமீட்டர் துளைகள் இரண்டும் இடுவது பரவலான வழக்கம். கரியமில வாயு செலுத்தப்பட்டு, வயிற்றறையின் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டரில் நிறுத்தப்படுகிறது. வயிற்றுச் சுவர் கூடாரம்போல் எழுகிறது. பின்னர் மேசையின் தலைப்பக்கம் தாழ்த்தப்பட்டு, முழு மேசையும் நோயாளியின் இடப்பக்கம் சாய்க்கப்படுகிறது. சிறுகுடல் தன் எடையாலேயே மேலும் இடப்புறமுமாகச் சரிந்து விலக, குடல்வால் இருக்கும் பகுதி வெளிப்படுகிறது.

இங்கே துணைவரின் பழைய பணி அவரறியாமலே கைம்மாறிவிட்டது. விளிம்புகளை விலக்கும் கொக்கியின் வேலையை வளி செய்கிறது. குடலை ஒதுக்கும் கையின் வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. மனிதத் துணையை இயந்திரம் அகற்றுவது பற்றிய இன்றைய விவாதங்களில் இம்முதல் மாற்றம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. வாயுவைச் செலுத்தி அழுத்தத்தைத் தானே சீராக வைக்கும் கருவியை உருவாக்கியவர்களுள் ஜெர்மனியின் கீல் நகரத்துக் குர்ட் செம் முதன்மையானவர். 1980இல் லேப்ராஸ்கோப்பி வழியே முதல் குடல்வால் அகற்றத்தைச் செய்தவரும் அவரே. அவர் மகப்பேறு, மகளிர் மருத்துவர். பொது அறுவை மருத்துவர்கள் இதனை வரவேற்கவில்லை. அவரைப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யக் கோரி ஜெர்மானிய அறுவை மருத்துவச் சங்கத்தின் தலைவர் கடிதம் எழுதினார் என்பது அக்கால எதிர்ப்பின் அளவைக் காட்டும்.

குடல்வாலைக் கண்டறிய, பெருங்குடலின் தொடக்கமான பெருங்குடற்பையின் மேல் ஓடும் தசைப்பட்டையைப் பின்பற்றிச் சென்றால் போதும். மூன்று பட்டைகளும் குடல்வாலின் அடியில் வந்து கூடுகின்றன. அடுத்து, குடல்வாலைத் தாங்கும் மெல்லிய மடிப்பையும் அதனுள் ஓடும் தமனியையும் மின்சூட்டால் பொசுக்கியோ கிளிப்பிட்டோ பிரிக்க வேண்டும். பின்னர் குடல்வாலின் அடியில் சுருக்குக் கண்ணிகள் இடப்படுகின்றன. பெருங்குடற்பையின் பக்கம் இரண்டு, குடல்வாலின் பக்கம் ஒன்று என இட்டு இடையில் வெட்டுவது பலர் கைக்கொள்ளும் முறை. தொண்டைச்சதை அறுவையில் ரோடர் என்பவர் பயன்படுத்திய முடிச்சைச் செம் வயிற்றறைக்குக் கொண்டுவந்ததே இக்கண்ணி. வெட்டிய உறுப்பு உறையில் இடப்பட்டுத் தொப்புள் துளை வழியே வெளியேறுகிறது.

இத்தனைக்கும் மருத்துவரின் இரு கைகள் போதும். இடக்கை குடல்வாலைத் தூக்கிப் பிடிக்க, வலக்கை பிரிக்கிறது. எஞ்சுவது கேமரா.

கேமராவால் பிறந்த துணைவர்

கேமராத் துணைவர் சாவித்துளை அறுவையோடு பிறந்தவர் அல்லர். சில ஆண்டுகள் பின்னே பிறந்தவர். 1901இல் ஜார்ஜ் கெல்லிங் நாயின் வயிற்றறையை உள்நோக்கியால் கண்டபோதும், 1910இல் ஸ்டாக்ஹோமில் ஜாக்கோபேயஸ் அதனை மனிதரிடம் செய்தபோதும், பார்ப்பவர் குழாயின் முனையில் கண்ணை வைத்தே பார்த்தார். செம்மின் தொடக்கக் காலத்திலும் வழக்கம் அதுவே. மருத்துவர் ஒரு கையால் உள்நோக்கியைப் பிடித்து, குனிந்து, ஒற்றைக் கண்ணால் நோக்கி, மறு கையால் கருவியை இயக்கினார். அருகில் இருந்தவர் உள்ளே நடப்பதைக் காண இணைப்புக் குழாய் ஒன்று வேண்டும். இல்லையேல் அவர் குருடர். ஒருவகையில் அன்றைய அறுவையே உண்மையான தனியாள் அறுவை.

1980களில் சிறு வீடியோ கேமரா உள்நோக்கியோடு இணைந்தது. அரங்கில் இருந்த அனைவரும் ஒரே திரையைக் காணலாயினர். மருத்துவர் நிமிர்ந்து நின்றார்; இரு கைகளும் விடுபட்டன. ஆயின் கேமராவைப் பிடிக்க மற்றொருவர் தேவையானார். 1985இல் எரிக் மியூஹே ஜெர்மனியிலும் 1987இல் பிலிப் மூரே பிரான்சிலும் பித்தப்பையை இவ்வழி அகற்றினர். பின்னர்ச் சில ஆண்டுகளிலேயே இம்முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உத்வாடியா முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அகற்றத்தைச் செய்தார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு சி. பழனிவேலு 1990களின் தொடக்கம் முதல் இத்துறையை வளர்த்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து மருத்துவர்கள் அங்குச் சென்று பயின்றனர்.

கேமராவைப் பிடிப்பது எளிய வேலை என்னும் எண்ணம் அரங்கிற்கு வெளியே உள்ளவர்களுக்கு மட்டுமன்று, சில மருத்துவர்களுக்கும் உண்டு. அது பிழையான எண்ணம். துளையின் விளிம்பு நெம்புகோலின் தாங்கிபோல் நிற்பதால், வெளியே கையை இடப்புறம் நகர்த்தினால் உள்ளே முனை வலப்புறம் செல்லும். பார்வைத்தளம் சாயாமல் அடிவானக் கோடு நேராக இருக்க வேண்டும். முப்பது பாகைச் சாய்வுள்ள வில்லையாயின் ஒளிக்குழாயைத் திருப்புவதும் கேமராவைத் திருப்புவதும் இருவேறு பயன் தருவன. கருவியின் முனை திரையின் நடுவில் நிற்க வேண்டும். ஆயின் ஒவ்வோர் அசைவுக்கும் கேமரா துள்ளினால் பார்ப்பவருக்குத் தலைசுற்றும். வில்லையில் ஆவி படியும். அதனை வெளியே எடுத்து வெந்நீரில் நனைத்துத் துடைத்து மீண்டும் அதே இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடல்வால் அறுவையில் இன்னொரு சிக்கல் உண்டு. மருத்துவரும் துணைவரும் இருவரும் நோயாளியின் இடப்பக்கத்திலேயே நிற்பதால் முழங்கைகள் மோதுகின்றன. அரை மணி நேரம் அசையாது நிற்கும் துணைவரின் கை நடுங்கத் தொடங்குகிறது. திரையில் அந்நடுக்கம் பல மடங்காகத் தெரியும்.

தனியாள் முறையின் வழிகள்

துணைவரின்றி இவ்வறுவையைச் செய்யும் வழிகளை எழுந்த காரணத்தை நோக்கி இருவகையாகக் காணலாம். ஆள் இல்லாமையால் எழுந்தவை ஒருவகை. துளையைக் குறைக்கும் வேட்கையால் எழுந்தவை மற்றொரு வகை.

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு, 1992இல் அமெரிக்காவில் பெலோசி என்னும் மகளிர் மருத்துவர்கள் வெளியிட்ட ஒற்றைத் தொப்புள் துளை முறை. உள்நோக்கியின் உள்ளேயே கருவி செல்லும் வழி அமைந்த குழாய் ஒன்றைச் செலுத்தி, குடல்வாலைப் பற்றித் தொப்புள் வழியே வெளியே இழுத்து, உடலுக்கு வெளியே வைத்துக் கட்டி வெட்டலாம். குழந்தைகளிடம் வயிற்றுச் சுவர் மெல்லியதாகவும் பெருங்குடற்பை எளிதில் நகர்வதாகவும் இருப்பதால் இது நன்கு பொருந்தும். இங்கே மருத்துவர் ஒருவரே பார்க்கிறார், பற்றுகிறார், வெளியே எடுத்து முடிக்கிறார். பருத்த உடலினரிடமும் ஒட்டிக்கொண்ட குடல்வாலிடமும் இது தோற்கும்.

குடல்வாலைத் தூக்கிப் பிடிக்கும் கருவிக்கு மாற்றாக நூலைப் பயன்படுத்துவதும் உண்டு. வயிற்றுச் சுவர் வழியே ஊசியோடு நூலைச் செலுத்தி, குடல்வாலையோ அதன் மடிப்பையோ வளைத்து வெளியே இழுத்துப் பிடித்தால், பொம்மலாட்டத்தில் திரைக்கு மேலிருந்து பாவையை ஆட்டுவதுபோல் உறுப்பை ஆட்டலாம். ஒரு கருவியும் ஒரு துளையும் மிச்சமாகின்றன. செலவு ஒரு நூல் மட்டுமே. சிறு மருத்துவமனைகளுக்கு இத்தகைய உத்தியே இயந்திரக் கையைவிடப் பயன் மிக்கது எனலாம்.

முதல் வகையில் எளியது, மேசையின் பக்கக் கம்பியில் பொருத்தும் பிடிப்பான். மூட்டுகளைத் தளர்த்திக் கேமராவை வேண்டிய கோணத்தில் வைத்து இறுக்கிவிட்டால் அது அசையாது நிற்கும். பார்வையை மாற்ற வேண்டும்போது மட்டும் மருத்துவர் ஒரு கருவியைக் கீழே விட்டுக் கேமராவைத் திருத்துகிறார். குடல்வால் அறுவையில் பணி நடக்கும் களம் உள்ளங்கையளவே ஆதலின் இத்திருத்தங்கள் மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. பித்தப்பையோ பெருங்குடலோ ஆயின் கதை வேறு. தென்கொரிய மருத்துவர்கள் ஒற்றைத்துளைக் குடல்வால் அறுவையை இத்தகைய பிடிப்பானின் துணையோடு தனியாள் முறையில் செய்து முடிவுகளை வெளியிட்டுள்ளனர்.

இயந்திரக் கையின் கதை 1994இல் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் யூலுன் வாங் நிறுவிய கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனத்தின் 'ஈசாப்' அவ்வாண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் இசைவைப் பெற்றது. முதலில் காலால் மிதித்து இயக்கப்பட்ட அது, பின்னர்க் குரலுக்குப் பணிந்தது. மருத்துவர் தம் குரலில் கட்டளைகளை முன்னதாகப் பதிவுசெய்து, அப்பதிவு அட்டையைப் பொறியில் செருக வேண்டும். 'இடப்பக்கம்', 'உள்ளே', 'நில்' என்னும் பொருள்தரும் ஆங்கிலக் கட்டளைகளுக்கு அது அசைந்தது. பிரித்தானியாவில் தோன்றிய 'எண்டோஅசிஸ்ட்' மருத்துவரின் தலையசைவைப் பின்பற்றியது. ஜெர்மனியின் 'சோலோஅசிஸ்ட்' சிறு நெம்புகோலால் இயங்குவது. தனிமையையும் துணையையும் ஒரே சொல்லில் சேர்த்த அப்பெயரிலேயே இத்துறையின் முரண் அடங்கியுள்ளது. 2003இல் கம்ப்யூட்டர் மோஷன், 'டாவின்சி' பொறியை உருவாக்கிய இன்ட்யூடிவ் சர்ஜிக்கல் நிறுவனத்தோடு இணைந்தது; ஈசாப் மெல்ல அரங்குகளிலிருந்து மறைந்தது.

டாவின்சியில் மருத்துவர் நோயாளியை விட்டு விலகி ஓர் இயக்க மேடையில் அமர்கிறார். கேமராவையும் கருவிகளையும் அவரே ஆள்கிறார். அதனால் துணைவர் நீங்கிவிட்டார் என்று கருதுவது தவறு. கருவிகளை மாற்றவும் குருதியை உறிஞ்சவும் நெருக்கடியில் பொறியை விலக்கவும் நோயாளியின் பக்கத்தில் பயின்ற ஒருவர் நின்றே ஆக வேண்டும். 2001 செப்டம்பர் 7இல் நியூயார்க்கில் இருந்தவாறு ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ஜாக் மரெஸ்கோ அகற்றியபோதும் நோயாளியின் அருகில் அறுவை மருத்துவர்கள் நின்றிருந்தனர். கடல் கடந்த கை கூட, பக்கத்தே ஒரு கையை வேண்டியது. 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வர்களின் 'ஸ்டார்' பொறி பன்றிகளின் குடலை லேப்ராஸ்கோப்பி வழியே பெரும்பாலும் தானே தைத்தது. அதுவும் மேற்பார்வையோடு நிகழ்ந்ததே.

துளை குறைந்தால் ஆள் குறையும் என்பதும் விதியன்று. 2000களின் நடுவில் ஹைதராபாத்தில் ஜி.வி. ராவும் டி. நாகேஸ்வர ரெட்டியும் வாய்வழியே இரைப்பைக்குள் வளையும் உள்நோக்கியைச் செலுத்தி, இரைப்பைச் சுவரைத் துளைத்துக் குடல்வாலை அகற்றினர். 2008இல் பழனிவேலுவும் அவர்தம் குழுவினரும் பிறப்புவழிக் குடல்வால் அகற்றத்தை வெளியிட்டனர். வயிற்றுத்தோலில் தழும்பு இல்லாமை இவற்றின் நோக்கம். ஆயின் வளையும் உள்நோக்கியை ஒருவர் செலுத்த, அதனுள் செல்லும் கருவியை மற்றொருவர் இயக்க வேண்டும். தோலின் மேல் துளைகள் மறைய, மேசையைச் சுற்றிக் கைகள் பெருகின.

ஒப்பீடும் அதன் எல்லையும்

தனியாள் முறையையும் துணைவருடன் செய்யும் முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அறுவை நேரம், சிக்கல், மருத்துவமனையில் தங்கும் நாள் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இல்லை என்றே பொதுவாகக் கூறுகின்றன. இம்முடிவை ஏற்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, இவ்வாய்வுகளைச் செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள். துணைவரின் அருமை புதியவருக்கே மிகுதி. மற்றொன்று, கிழிந்து சீழ் பரவிய குடல்வால் உள்ள நோயாளிகள் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. எளிய குடல்வாலைத் தனியே எடுக்க முடியும் என்பது நிறுவப்பட்டுள்ளது. எளியது எது என்பது உள்ளே நுழைந்த பின்னரே தெரியும் என்பதுதான் இடர்.

எளிய அழற்சிக்கு அறுவையே வேண்டுமா என்னும் வினாவும் உடன் எழுகிறது. 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 1552 பேர் பங்குபெற்றனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் பெற்றவருள் ஏறத்தாழ பத்தில் மூவருக்குத் தொண்ணூறு நாள்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. எளிய நோயாளிகள் மருந்தின் பக்கம் நகர நகர, மேசைக்கு வருவோருள் கடினமானவர்களின் விகிதம் கூடும். தனியாள் முறைக்கு ஏற்றவர்கள் குறைவர் என்பதே இதன் விளைவு.

துணைவரின் பணிகளுள் பிடித்தலை வளியும் சாய்வும் ஏற்றன; காட்டுதலைப் பிடிப்பானும் பொறியும் ஏற்கவல்லன. மூன்றாவது பணி எப்போதாவது ஒருமுறை வருவது. குடல்வால் தமனியிலிருந்து கிளிப் நழுவுகிறது என்க. திரை சிவக்கிறது. வில்லையில் குருதி தெறிக்கிறது. அப்போது ஒருவர் கேமராவை வெளியே எடுத்துத் துடைக்க, மற்றொருவர் உறிஞ்சுகுழலைச் செலுத்த, மருத்துவர் இரத்தம் வரும் இடத்தைப் பற்ற வேண்டும். இயலாதபோது வயிற்றைத் திறக்க வேண்டும். திறந்த கணமே வளி வெளியேறிவிடும்; அது செய்துவந்த பணி மீண்டும் கொக்கிக்கும் கைக்கும் வந்துசேரும். நூறாண்டுக்கு முந்தைய துணைவர் அக்கணத்தில் மீண்டும் தேவைப்படுகிறார். பிடிப்பான் அப்போது மேசையின் ஓரத்தில் இடையூறாக நிற்கும் ஓர் இரும்பு.

உழைச்செல்வானுக்குப் பரிமேலழகர் கண்ட நான்கு கூறுகளை இங்கே மீண்டும் நோக்கலாம். சொன்னபடி செய்தலில் பொறி மனிதரை விஞ்சும். அதற்குக் களைப்பும் நடுக்கமும் இல்லை. அறிவு என அவர் கூறுவது சொல்லாததையும் உணரும் ஆற்றலாகக் கொள்ளத்தக்கது. நல்ல கேமராத் துணைவர் கட்டளைக்கு முன்னரே கேமராவை நகர்த்துகிறார்; மருத்துவர் தவறான மடிப்பைப் பற்றும்போது 'அது சினைக்குழாயாக இருக்குமோ?' என்று கேட்கிறார். மருத்துவரின் கண்ணோடு இன்னொரு கண்ணும் அதே திரையைப் பார்ப்பதே நோயாளிக்குக் கிடைக்கும் காப்பு. பயிலாத ஒருவர் கேமராவைப் பிடிக்கும்போது அக்காப்பு அரங்கில் ஆள் இருந்தும் இல்லாததாகிறது. தனியாள் முறையை எதிர்ப்போர் இந்த உண்மையை எதிர்கொள்வதில்லை. நடுங்கும் கையைவிட நிலையான பிடிப்பான் மேல் என்று ஒரு மருத்துவர் முடிவுசெய்தால் அதனைப் பிழை எனல் அரிது.

மந்தைவெளியின் சிறு மருத்துவமனையும் பயிற்சி மருத்துவமனையும்

மந்தைவெளிக்கு அண்மையில் 1911 முதல் இயங்கும் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை உள்ளது. பறக்கும் இரயிலில் ஏறினால் பூங்கா நகர் நிறுத்தம் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் அருகில் இறக்கிவிடும். இத்தகைய பயிற்சி மருத்துவமனைகளில் துணைவருக்குப் பஞ்சமில்லை. முதலாண்டு முதுகலை மாணவரின் முதல் பணியே கேமராவைப் பிடித்தல். உறுப்புகளின் அமைவையும் மூத்தவரின் கைநடையையும் அவர் அந்நிலையில் நின்றே கற்கிறார். ஓரிரு ஆண்டுகளில் கருவிகள் அவர் கைக்கு வருகின்றன. இங்கே பிடிப்பானை நிறுத்தினால் ஏணியின் முதற்படி அகலும். மாதிரிப் பெட்டிகளும் கணினிப் பயிற்சிப் பொறிகளும் கையை இயக்கக் கற்றுத்தரும். மூத்தவர் எவ்விடத்தில் தயங்கினார் என்பதைக் கற்றுத்தருவதில்லை.

சிறு தனியார் மருத்துவமனையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே கற்பவர் எவரும் இல்லை. துணை மருத்துவரை அழைத்தால் அவருக்குரிய ஊதியம் நோயாளியின் கட்டணத்தில் சேரும். விலையுயர்ந்த இயந்திரக் கையை வாங்கினாலும் அச்செலவு நோயாளியையே சாரும். ஆதலால் தேர்வு பெரும்பாலும் எளிய பிடிப்பானுக்கும் பணியில் இருக்கும் ஏதோ ஒரு கைக்கும் இடையேதான். இவ்விரண்டில் எது நடந்தாலும் நோயாளிக்கு அது தெரிவதில்லை. ஒப்புதல் படிவத்தில் அறுவையின் பெயரும் மருத்துவரின் பெயரும் இருக்கும். கேமராவைப் பிடிப்பவரின் பெயர் இடம்பெறுவது அரிது.

ஒப்புதல் குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் வழங்கிய தீர்ப்பு இங்கே பொருந்துவது. நோயறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் ஒப்புதல் தந்த பெண்ணிடம் மயக்கத்திலேயே கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்ட வழக்கு அது. உயிர்காக்கும் அவசரம் இல்லாதபோது ஒன்றுக்குத் தந்த ஒப்புதல் மற்றொன்றுக்கு ஆகாது என்றும், நோயாளி முடிவெடுக்கப் போதுமான செய்தியை மருத்துவர் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. துணைவரைப் பற்றி அத்தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஆயினும் போதுமான செய்தி என்பதனுள், பக்கத்தே நிற்பவர் யார், அவர் எதில் பயின்றவர், எவரும் நிற்கவில்லையாயின் நெருக்கடிக்கு யார் எத்தனை நிமிடத்தில் வருவார் என்பன அடங்குமா என்பது ஆராயத்தக்க வினா. இவ்விடையை அறுவைக்கு முன்னரே படிவத்தில் எழுதுவதற்கு ஒரு வரி இடம் போதும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரே அதனை நிரப்பலாம்.